நெல் பணமும் ஒரு நள்ளிரவும்: ஒரு நிகழ்வு ஆய்வு

நீடாமங்கலத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்புக்குத் தெற்கே, பாமணியாற்றுப் பாசனத்தில் நான்கு ஏக்கர் சொந்த நிலம் வைத்திருக்கும் 58 வயது விவசாயி ஒருவர், 2025 பிப்ரவரியில் பதின்மூன்று மணி நேரத்துக்குள் தமது வங்கிக் கணக்கிலிருந்து 1,99,600 ரூபாயை இழந்தார். நான் கூட்டுறவு வங்கியொன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். அக்கம்பக்கத்து ஊர்களில் பயிர்க்கடன், நகைக்கடன், காப்பீட்டுப் படிவம் என்று எது வந்தாலும் எடுத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வருபவர்கள் உண்டு. அப்படித்தான் இந்தக் குடும்பமும் வந்தது. பாஸ்புக், வங்கி கொடுத்த பரிவர்த்தனைப் பட்டியல், கைப்பேசியின் அழைப்புப் பதிவு, புகார் நகல்கள் ஆகியவற்றை வைத்துக்கொண்டு, கணவன் மனைவி இருவரிடமும் தனித்தனியாகப் பேசியபின் இதை எழுதுகிறேன். அவர்களது இசைவு உண்டு. பெயரும் ஊரும் வேண்டாம் என்றார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். ஊரில் இந்தச் செய்தி பரவியபோது பலரும் சொன்னது, "பேராசை பெருநஷ்டம்" என்பதுதான். இந்த நிகழ்வில் பேராசைக்கு இடமே இல்லை. இரட்டிப்பு வட்டி தருவதாக யாரும் அவரிடம் சொல்லவில்லை. பரிசு விழுந்ததாகவும் சொல்லவில்லை. விவசாயிகளுக்கான பிஎம் கிசான் திட்டத்தில் தமக்கு உரிமையுள்ள 2,000 ரூபாய் தவணை நின்றுபோகுமோ என்ற கவலைதான், கைப்பேசியில் வந்த ஒரு போலிப் படிவத்தை அவரை நிரப்ப வைத்தது. மற்றவர்கள் நம்பும் இன்னொரு செய்தியும் தவறு. அவர் யாருக்கும் ஓடிபி எண்ணைச் சொல்லவில்லை.

பின்னணி

சம்பா அறுவடை தை கடைசியில் முடிந்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் நெல்லை எடுப்பார்கள் என்பதால், சாலையோரத்தில் காயவைப்பதும் அள்ளுவதும் மறுபடி பரப்புவதுமாக ஒன்பது நாட்கள் போயின. கடைசியில் 40 கிலோ சிப்பமாக 216 சிப்பம் எடை போடப்பட்டது, 86.4 குவிண்டால். அந்தப் பருவத்தில் சன்ன ரகத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,450 ரூபாய். ஆக 2,11,680 ரூபாய், பிப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை, அவரது சேமிப்புக் கணக்கில் வரவானது. ஏற்கெனவே இருந்த 14,320 ரூபாயுடன் சேர்ந்து இருப்பு 2,26,000.

அந்தத் தொகையில் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஏற்கெனவே ஒரு வேலை இருந்தது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடன் 1,20,000. கெடு ஜூன் மாதம். அறுவடை மெஷின் வாடகை, உரக்கடை பாக்கி, ஆள்கூலி எல்லாம் சேர்த்து 38,000. குறுவை நடவுக்கென்று 40,000. மீதி 28,000 தான் அடுத்த அறுவடை வரை கைச்செலவு. டெல்டாவில் நெல் விவசாயியின் வருமானம் ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ மொத்தமாக வந்து விழுகிறது; செலவோ வாரம் தவறாமல் வருகிறது. அந்த மொத்தத் தொகை எந்தக் கணக்கில், எத்தனை நாள், எந்தெந்தக் கதவுகள் திறந்திருக்க உட்கார்ந்திருக்கிறது என்பதை யாரும் ஒரு கேள்வியாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை முதல் இவரது முழு ஆண்டு வருமானமும் ஒரே கணக்கில் இருந்தது. அந்தக் கணக்கோடு ஒரு ஏடிஎம் கார்டும், யுபிஐயும், ஒரே ஒரு கைப்பேசி எண்ணும் இணைக்கப்பட்டிருந்தன.

கார்டைப் பற்றி ஒரு விவரம் இங்கே தேவை. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் பிறப்பித்து அதே ஆண்டு அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த உத்தரவின்படி, புதிதாக வழங்கப்படும் கார்டு உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடையிலுள்ள இயந்திரத்திலும் மட்டுமே வேலை செய்யும். இணையத்தில் பயன்படுத்த வேண்டுமானால் வாடிக்கையாளரே அந்த வசதியை இயக்க வேண்டும். திருப்பூரில் வேலை பார்க்கும் மகன், முந்தைய தீபாவளிக்கு ஊர் வந்து திரும்பும்போது இரயில் டிக்கெட் எடுப்பதற்காக அப்பாவின் கார்டில் அந்த வசதியை இயக்கினார். ஒரு நாளைக்கு 1,00,000 ரூபாய் என்று வங்கி வைத்திருந்த உச்ச வரம்பை அவர் மாற்றவில்லை. டிக்கெட் எடுத்தபின் வசதியை நிறுத்தவும் இல்லை. நான்கு மாதங்களாக அந்தக் கதவு திறந்தே கிடந்தது.

பிப்ரவரி 20, வியாழன்

காலை 10.50க்கு ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் சுத்தமான தமிழில், "ஐயா" போட்டு, பொறுமையாகப் பேசியிருக்கிறார். பிஎம் கிசான் திட்டத்தின் 19ஆவது தவணை 24ஆம் தேதி விடுவிக்கப்பட இருப்பதாகவும், ஆதார் சரிபார்ப்பு முடியாததால் இவரது பெயர் நிறுத்திவைப்புப் பட்டியலில் இருப்பதாகவும், வாட்ஸ்அப்பில் அனுப்பும் செயலியில் விவரங்களைப் பதிந்தால் போதும் என்றும் சொல்லியிருக்கிறார்.

இதில் முதல் பாதி உண்மை. 19ஆவது தவணை பிப்ரவரி 24 அன்றுதான் விடுவிக்கப்பட்டது. தேதி முன்னதாகவே செய்திகளில் வந்திருந்தது. ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாகத் தரும் அந்தத் திட்டத்தில் ஆதார் வழிச் சரிபார்ப்பு கட்டாயம் என்பதும் உண்மை. போதாக்குறைக்கு, நில விவரங்களை இணைத்து விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் வழங்கும் பதிவு முகாம்கள் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. சிட்டா எடுத்து வா, ஆதார் எடுத்து வா, கைப்பேசி எண் சரியா என்று பார் என அரசுத் தரப்பிலிருந்தே தினம் ஒரு சொல் வந்துகொண்டிருந்தது. நடந்துகொண்டிருந்த ஒரு மெய்யான ஓட்டத்தில் இன்னொரு துளியாகத்தான் அந்த அழைப்பு அவருக்குத் தெரிந்திருக்கிறது. மோசடிக்காரர்கள் நம் நாட்காட்டியை நம்மைவிடக் கவனமாகப் படிக்கிறார்கள் என்பது இந்தக் கோப்பைப் புரட்டியபோது எனக்குப் பட்டது.

வந்த கோப்பு ஏபிகே வகை. பிளே ஸ்டோரில் இல்லாத ஒரு செயலியை நேராகக் கைப்பேசியில் நிறுவ உதவும் கோப்பு அது. நிறுவும்போது கைப்பேசி தந்த எச்சரிக்கையைத் தாண்டச் சொல்லி அழைப்பாளரே வழிகாட்டினார். செயலி குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டது, கொடுத்தார். பிறகு பிஎம் கிசான் சின்னத்துடன் ஒரு படிவம் விரிந்தது. பெயர், ஆதார் எண், அதன்பின் "தவணை வரவாக வேண்டிய கணக்கை உறுதிசெய்ய" என்று கார்டு எண், காலாவதி மாதம், பின்புறமுள்ள மூன்று இலக்க எண். 11.10க்கு எல்லாம் முடிந்தது. "24 மணி நேரத்தில் சரியாகிவிடும், அதுவரை செயலியை நீக்கிவிடாதீர்கள் ஐயா" என்று சொல்லி அழைப்பாளர் வைத்துவிட்டார்.

11.34க்கு 49,900 ரூபாய். 11.37க்கு மீண்டும் 49,900. இரண்டும் கார்டு வழியாக இணையத்தில் நடந்த பரிவர்த்தனைகள். அடுத்து முயன்றது நாள் வரம்பைத் தாண்டியதால் மறுக்கப்பட்டது.

ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் வங்கி ஓடிபி அனுப்பியது. அந்த எண் அவர் கைப்பேசிக்குத்தான் வந்தது. ஆனால் அவர் கண்ணுக்கு வருவதற்கு முன்பே அந்தச் செயலி அதைப் படித்து வெளியே அனுப்பிவிட்டு, திரையில் அறிவிப்பு தோன்றாமல் மறைத்தும் விட்டது. பணம் பற்று வைக்கப்பட்டதைத் தெரிவிக்கும் குறுஞ்செய்திக்கும் அதே கதி. "ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்ற வாசகம் வங்கிச் சுவரிலும் ஏடிஎம் அறையிலும் பல ஆண்டுகளாக ஒட்டப்பட்டிருக்கிறது. இவர் அதை மனப்பாடமாகச் சொல்வார். அந்த வாசகம் போன தலைமுறை மோசடிக்கு எழுதப்பட்டது. இந்த வகையில் யாரும் வாய்திறந்து கேட்பதே இல்லை.

எட்டரை மணி நேரம்

இந்த நிகழ்வின் மையம் காலை 11.34 என்று முதலில் நினைத்தேன். பட்டியலை இரண்டாம் முறை படித்தபோது அது மாலை 3.30 என்று தெரிந்தது.

மாலை 3.30க்கு மெஷின்காரருக்கு வாடகையைக் கைப்பேசியில் அனுப்பலாம் என்று இவர் இருப்பைப் பார்த்தார். 1,26,200 என்று காட்டியது. ஒரு லட்சம் குறைகிறது. குறுஞ்செய்திப் பெட்டியைத் திறந்தார், எதுவும் இல்லை. அந்த நிமிடத்தில் அவருக்குத் திருட்டு என்று தோன்றவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் 436 ரூபாயும் 20 ரூபாயும் காப்பீட்டுப் பிரீமியமாகத் தாமாகவே பிடிக்கப்பட்டதும், அதற்கு எப்போதோ கையெழுத்துப் போட்டது பிறகு நினைவுக்கு வந்ததும் அவர் மனத்தில் இருந்தது. பாங்கியே ஏதோ பழைய கடனுக்குப் பிடித்துக்கொண்டதோ என்று நினைத்தார். மெஷின்காரரிடம் நாளை தருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

மாலை ஆறு மணி வாக்கில் காலை வந்த அழைப்பும் இதுவும் அவர் மனத்தில் ஒன்றுசேர்ந்துவிட்டன. அதற்குப் பிறகும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். "மகன்கிட்ட சொன்னா, அந்த போனைக் கையில் கொடுத்ததே தப்புன்னுவான். இவகிட்ட சொன்னா ராத்திரி முழுக்க அழுவா. பாங்கி நாலு மணிக்கே சாத்திடுவான். காலையில் போயி மேனேஜரைப் பார்த்துச் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேண்ணே" என்றார்.

இந்த நான்கு வாக்கியங்களில் கடைசியைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். வெட்கம் இயல்பு, அதை யாரும் அறிவுரையால் நீக்கிவிட முடியாது. ஆனால் புகார் என்பது வங்கி திறந்திருக்கும்போது, மேலாளர் எதிரில் நின்று சொல்ல வேண்டிய ஒன்று என்ற எண்ணம் நீக்கக்கூடியது. கார்டை நிறுத்தும் எண் கார்டின் பின்புறத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. இரவு பகல் என்றில்லாமல் வேலை செய்கிறது. 1930 என்ற தேசிய உதவி எண்ணும் இதற்கென்றே இருக்கிறது. 2021 ஏப்ரலில் 155260 என்ற எண்ணாகத் தொடங்கிப் பின்னர் 1930 ஆன அந்த ஏற்பாட்டில், காவல்துறையும் வங்கிகளும் மின்னணுப் பணப்பை நிறுவனங்களும் ஒரே வலையமைப்பில் இணைக்கப்பட்டுள்ளன. புகார் பதிவானதும் பணம் அடுத்தடுத்துப் போன இடங்களுக்கெல்லாம் தகவல் சென்று, இன்னும் வெளியே எடுக்கப்படாமல் இருக்கும் தொகை அங்கேயே நிறுத்தி வைக்கப்படுகிறது.

இவருக்கு 1930 தெரியுமா என்றால், தெரியும். ரேஷன் கடை வாசலில் ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறார். "அது போலீஸ் கேஸ் போடுறவங்களுக்குன்னு நினைச்சேன்" என்றார்.

நள்ளிரவு கடந்ததும் கார்டின் நாள் வரம்பு புதிதாகத் தொடங்கியது. வெள்ளி அதிகாலை 12.06க்கு 49,900. 12.09க்கு 49,900. மறுபடி 99,800 ரூபாய் போனது. இருப்பு 26,400.

ஆக, இழப்பின் முதல் பாதி ஏமாற்றப்பட்டதால் நேர்ந்தது. இரண்டாம் பாதி, இருப்பு குறைந்ததைத் தம் கண்ணால் பார்த்தபின் கழிந்த எட்டரை மணி நேரத்தால் நேர்ந்தது. 3.30க்கும் நள்ளிரவுக்கும் நடுவே எந்த நேரத்தில் கார்டு நிறுத்தப்பட்டிருந்தாலும் ஒரு லட்சம் மிஞ்சியிருக்கும். இதை நான் அவரிடம் சொல்லலாமா என்று பல நாள் யோசித்தேன். அவர் தாமாகவே கணக்குப் போட்டு அறிந்திருந்தார்.

அதே கோப்பு, இன்னொரு கைப்பேசி

இந்த ஆய்வுக்கு எதிர்பாராத ஒரு துணை கிடைத்தது. அந்தச் செயலி, இவரது வாட்ஸ்அப்பிலிருந்து அதே கோப்பைத் தொடர்பிலுள்ள பலருக்கும் ஊர்க் குழுவுக்கும் தானே அனுப்பியிருக்கிறது. தெரிந்தவர் அனுப்பியது என்பதால் சந்தேகம் எழவில்லை. அடுத்த தெருவில் ஒருவர் அதை நிறுவி, கார்டு விவரம் உட்பட எல்லாவற்றையும் பதிந்துவிட்டார். அவரது கணக்கிலும் நெல் பணம் இருந்தது. ஏறக்குறைய ஒன்றே முக்கால் லட்சம். வெள்ளிக்கிழமை வங்கியில் விசாரித்தபோது, அவரது கார்டில் ஐந்து முயற்சிகள் நடந்து ஐந்தும் மறுக்கப்பட்டிருந்தது தெரிந்தது. இணையப் பயன்பாட்டு வசதி அந்தக் கார்டில் ஒருமுறைகூட இயக்கப்படவில்லை என்பது மட்டுமே காரணம்.

இருவரும் ஒரே வயது, ஒரே படிப்பு, ஒரே அளவு எச்சரிக்கை. செய்த தவறும் ஒன்றேதான். ஒருவர் இரண்டு லட்சம் இழந்தார். மற்றவர் ஒரு ரூபாயும் இழக்கவில்லை. விழிப்புணர்வுக் கூட்டங்களில் மனிதர்களைத் திருத்துவதைப் பற்றியே பேசுகிறோம். கணக்கின் அமைப்பைத் திருத்துவது பற்றிப் பேச எனக்கு இந்த ஒப்பீடுதான் துணிவு தந்தது. மனிதர் எந்த நாளிலாவது அசந்துவிடுவார். அன்றைக்குக் கதவு மூடியிருக்க வேண்டும்.

மீட்பு முயற்சி

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் வங்கிக் கிளைக்குப் போனார். வரிசையில் நின்று, விவரம் சொல்லி, கார்டு நிறுத்தப்பட்டபோது 10.50. 1930க்கு அழைத்துப் புகார் எண் பெற்றபோது 11.25. அதற்குள் மகனுக்கும் தகவல் போய், கைப்பேசியிலிருந்து சிம் கார்டு கழற்றப்பட்டது. இதையும் முதல் நாளே செய்திருக்க வேண்டும். அந்தச் செயலி உள்ளே இருக்கும்வரை, அந்தக் கைப்பேசியிலிருந்து எடுக்கும் எந்த நடவடிக்கையும் மறுமுனைக்குத் தெரியும். புகாருக்கு வேறொரு கைப்பேசியைப் பயன்படுத்துவதும், பிறகு பழையதை முழுவதும் அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவருவதும்தான் முறை. செயலியின் சின்னம் திரையிலிருந்து மறைந்திருந்ததால், அதை நீக்கிவிட்டதாகவே இவர் எண்ணியிருந்தார்.

முதல் நாள் போன 99,800 ரூபாயில் எதுவும் அகப்படவில்லை. நள்ளிரவில் போனதில் 41,650 ரூபாய் ஓர் இடைநிலை நிறுவனத்தில் தங்கியிருந்தபோது நிறுத்தப்பட்டது. மாவட்ட சைபர் குற்றப் பிரிவில் எழுத்துப்பூர்வப் புகார், பின்னர் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் அந்தத் தொகையை விடுவிக்கக் கோரும் மனு என்று நடந்து, அது கணக்குக்குத் திரும்ப ஒன்பது மாதங்களாயின. நிறுத்தப்பட்ட பணம் தானாகவே திரும்பிவிடும் என்று எண்ணிப் பலர் புகார் எண்ணோடு இருந்துவிடுகிறார்கள். இவர் விஷயத்தில் மனு போட்டபிறகே அது நகர்ந்தது.

மீதித் தொகைக்கு வங்கியிடம் எழுத்தில் கேட்டோம். இதற்கு அப்போது அடிப்படையாக இருந்தது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 தேதியிட்ட சுற்றறிக்கை. அதன் சாரம் இது. தவறு வங்கியினுடையதாக இருந்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. தவறு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் இடையிலே எங்கோ இருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிப்பவருக்கு இழப்பு இல்லை; நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் என்றால், சாதாரண சேமிப்புக் கணக்கில் அவர் தாங்க வேண்டியது அதிகபட்சம் 10,000 ரூபாய். ரகசிய விவரத்தைப் பகிர்ந்தது போன்ற வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றால், அவர் தெரிவிக்கும் நேரம் வரையுள்ள முழு இழப்பும் அவருடையது. தெரிவித்தபின் நடப்பது வங்கியுடையது. வாடிக்கையாளர் மீது பொறுப்பு உண்டு என்று நிரூபிக்கும் சுமை வங்கியைச் சேர்ந்தது.

எங்கள் வாதம், ஓடிபியை அவர் பகிரவில்லை, திருடப்பட்டது என்பது. வங்கி 26ஆம் நாள் பதில் அனுப்பியது. கார்டு எண்ணையும் பின்புற எண்ணையும் அவரே பதிந்தார், எச்சரிக்கைக் குறுஞ்செய்திகள் அவரது எண்ணுக்குச் சென்று சேர்ந்ததாகப் பதிவு இருக்கிறது, ஆகவே கவனக்குறைவு. ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின்கீழ் முறையிட்டோம். வங்கி மறுத்தாலோ 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ, கட்டணம் எதுவுமின்றி அங்கே புகார் செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை. அங்கும் வங்கியின் நிலை ஏற்கப்பட்டது. ஒரு செயலியின் வேடத்தில் வந்த திருட்டையும், தெரிந்தே ரகசிய எண்ணைக் கொடுப்பதையும் "கவனக்குறைவு" என்ற ஒரே சொல்லுக்குள் அடைப்பது நியாயமாக எனக்குப் படவில்லை. ஆனால் விதியின் சொல் அவ்வளவு அகலமாகத்தான் இருந்தது. தெரிவித்த நேரமே கோடு என்பதால், அந்த வியாழன் மாலை ஒரு அழைப்பு செய்யப்பட்டிருந்தால் நள்ளிரவுத் தொகை முழுவதும் வங்கியின் பொறுப்பாகியிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மார்ச் முதல் வாரத்தில் இன்னோர் அழைப்பு வந்தது. "சைபர் கிரைம் அலுவலகத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் மீட்கப்பட்டுவிட்டது, விடுவிக்க 2,500 ரூபாய் கட்ட வேண்டும்" என்றார்கள். இழந்த தொகை, தேதி, வங்கி எல்லாம் சரியாகச் சொன்னார்கள். பறித்தவர்களுக்கு அந்த விவரம் தெரிந்திருப்பதில் வியப்பில்லை. இந்த முறை கைப்பேசி மனைவியிடம் இருந்தது. "மீட்ட பணத்துலேயே கழிச்சுக்கிட்டு மிச்சத்தை அனுப்புங்க தம்பி" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

வீட்டுக் கணக்கு

பணம் போன மூன்றாம் நாளே வட்டிக்கு விடுபவர் ஒருவர் வீடு தேடி வந்து, ஒரு லட்சம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மூன்று வட்டி. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்று கேட்கும்போது சின்னதாகத் தெரியும். ஆண்டுக்கு 36 சதவீதம். ஆறு மாதத்தில் வட்டி மட்டும் 18,000. கந்துவட்டியைத் தடுக்க 2003இலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்திருந்தும், கைமாற்று என்ற பெயரில் அது நடந்துகொண்டே இருக்கிறது. அதிர்ச்சியில் இருக்கும் குடும்பம் முதல் வாரத்தில் எடுக்கும் கடன், பறிபோன தொகையைவிட நீண்ட நாள் வலிக்கும். ஜூன் வரை பயிர்க்கடனுக்குக் கெடு இருக்கிறது, ஒரு வாரம் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று மட்டும் அன்றைக்குச் சொன்னேன்.

அந்த ஒரு வாரத்தில் தெரியவந்ததுதான் இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மனைவியின் பெயரில் வேறொரு வங்கியில் ஒரு கணக்கு இருந்தது. அதில் மாதாமாதம் வரும் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையும், நூறு நாள் வேலைக் கூலியும் சேர்ந்து 31,000 ரூபாய். அவர் கையெழுத்துப் போடுவதோடு சரி. ஏடிஎம் கார்டு வாங்கவில்லை. கைப்பேசி வங்கிச் சேவை கேட்கவில்லை. பணம் வேண்டுமென்றால் பாஸ்புக்கோடு போய்ப் படிவம் நிரப்பி எடுப்பார். "விவரம் தெரியாதவ" என்று வீட்டில் கேலி செய்யப்பட்டவரின் பணம்தான் அந்த மாதம் மெஷின்காரருக்கும் உரக்கடைக்கும் போனது.

பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் விவசாயிக்கு வட்டி இல்லை. தவறினால் வட்டி ஏறும், அடுத்த கடனும் தாமதமாகும். அதனால் அதை எப்படியாவது கட்டியாக வேண்டும் என்று முடிவு செய்து, நகையை வங்கியில் அடகு வைத்து ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில் 1,00,000 வாங்கினார்கள். ஆறு மாதத்துக்கு 4,500 ரூபாய். மூன்று வட்டிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 13,500. ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தபோது, சுயஉதவிக் குழுவில் 20,000 கடன் எடுத்து, இரண்டு ஏக்கரில் மட்டும் குறுவை போட்டார்கள். மற்ற இரண்டு ஏக்கர் சம்பாவுக்கென்று சும்மா கிடந்தது.

மாற்றியமைத்தது

கணக்குகளை இப்போது இரண்டாகப் பிரித்திருக்கிறோம். நெல் பணம் வரும் கணக்கில் கார்டு இல்லை, யுபிஐ இல்லை, பாஸ்புக் மட்டும். கைப்பேசியோடு இணைந்த இன்னொரு கணக்கில் 10,000 ரூபாய்க்கு மேல் வைப்பதில்லை. குறைந்தால் முதல் கணக்கிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்கிறார். அந்தக் கார்டில் இணையப் பயன்பாடு நிறுத்தப்பட்டு, ஏடிஎம் வரம்பும் 5,000 ஆகக் குறைக்கப்பட்டது. அறுவடைப் பணம் வந்ததும், கெடு தொலைவில் இருக்கும் தொகையைக் குறுகிய கால வைப்பாகப் போட்டுவிடுகிறார். வங்கி எச்சரிக்கைகள் மகனின் மின்னஞ்சலுக்கும் போகுமாறு பதியப்பட்டது. குறுஞ்செய்தியை ஒரு செயலி மறைக்கலாம், திருப்பூரில் இருக்கும் இன்னொரு கைப்பேசியை அது மறைக்க முடியாது.

வைப்பை எங்கே போடுவது என்பதில் ஒரு சிறு விவாதம் நடந்தது. கூட்டுறவுக் கடன் சங்கத்திலேயே போட்டுவிடலாம் என்றார் அவர். பக்கத்தில் இருக்கிறது, ஆட்கள் தெரிந்தவர்கள். நான் அங்கேயே வேலை பார்த்த மரபில் வந்தவன் என்றாலும், ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. வங்கிகளில், மத்திய கூட்டுறவு வங்கி உட்பட, ஒரு நபருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வைப்புக்குக் காப்பீடு உண்டு. தொடக்கச் சங்கங்களில் போடும் வைப்புக்கு அந்தக் காப்பீடு கிடையாது. கடனுக்குச் சங்கம், வைப்புக்கு வங்கி என்று முடிந்தது.

பிஎம் கிசான் சரிபார்ப்பையும் பிறகு ஒருமுறை மறுபடி செய்தோம். இ-சேவை மையத்தில் கைரேகை வைத்ததோடு வேலை முடிந்தது. உண்மையில் அவரது சரிபார்ப்பு முன்பே முடிந்திருந்தது. 19ஆவது தவணை 2,000 ரூபாய் சொன்னபடி அவருக்கு வரவாகியும் இருந்தது.

அக்டோபரில், மழைக்கு நடுவே, குறுவை நெல் 104 சிப்பம் எடை போடப்பட்டது. குவிண்டாலுக்கு 2,545 ரூபாய் என்ற புதிய விலையில் 1,05,872 ரூபாய் பாஸ்புக் கணக்கில் விழுந்தது. மறுநாளே நகைக்கடனில் பெரும்பகுதி அடைக்கப்பட்டது. நவம்பரில் நீதிமன்ற உத்தரவுப்படி 41,650 திரும்பியது. 1,57,950 ரூபாய் திரும்பவில்லை. குற்றப் பிரிவில் வழக்கு நிலுவையில் இருக்கிறது. கார்டு வாடிக்கையாளர் சேவை எண்ணையும் 1930ஐயும் மனைவி, வீட்டு நடையில் தொங்கும் தினசரி நாட்காட்டியின் அட்டையில் பெரிதாக எழுதச் சொல்லி, ஜனவரியில் புது நாட்காட்டி வந்தபோது அதிலும் எழுத வைத்திருக்கிறார்.